வாசற்படியும் முழங்காலும்

குடவாசல் கோணேசுவரர் கோயில் மாடக்கோயில் வகையைச் சேர்ந்தது. கருவறையை அடையப் படியேற வேண்டும். யானை ஏற இயலாதவாறு கோச்செங்கட் சோழன் இத்தகைய கோயில்களைக் கட்டுவித்தான் என்பது நெடுநாள் மரபு. ஓர் உடல் எவ்வாறு அசையும் என்று அறிந்தவரே அதனைத் தடுக்கும் கட்டடத்தையும் திட்டமிட இயலும். நம் ஊர்ப் புது வீடுகளோ, அறியாமலே அதே தடையை வீட்டு முதியோர்க்கு இட்டுவிடுகின்றன.

வெள்ளத்துக்கும், போடப்போட உயர்ந்துகொண்டே போகும் சாலைக்கும் அஞ்சித் தளத்தை 3 அடி உயர்த்துவதை நாங்கள் குறை கூறவில்லை. டெல்டாவில் அது தேவை. அவ்வுயரத்தை 9 அங்குலப் படிகள் நான்கில் அடக்குவதே தவறு. படியேறுகையில் முழங்கால் மூட்டு உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது. இறங்குகையில் சுமை இன்னும் சற்றுக் கூடும். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை செய்து, நடைப்பயிற்சியும் பெற்று வீடு திரும்பும் பெரியவர், அந்நான்கு படிகளுக்கு அஞ்சி வாசலுக்கே வராமலிருந்துவிடுகிறார். சில மாதங்களில் பயிற்சியின் பயன் அனைத்தும் தேய்ந்துபோகிறது.

6 அங்குலப் படிகள் ஆறு அமைத்து, இருபுறமும் கைப்பிடி வைத்தால் பெரும்பாலோர்க்குப் போதும். சக்கர நாற்காலிக்குரிய சாய்தளமெனில் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 3 அடிக்கு 36 அடி. வீட்டின் முன் அவ்வளவு இடமிராது. பக்கவாட்டில் திருப்பி, இடையே ஒரு சமதளம் விட்டுக் கட்டலாம். வீடு எழும்பிய பின்னர் இதைச் செய்வது கடினம். வரைபடத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

பொறியியல் உடலிடம் பாடம் கேட்டதுண்டு. 1866-ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில், உடற்கூறியலாளர் மேயர் காட்டிய தொடையெலும்பின் உள்வரிகள் பளுதூக்கியின் விசைக்கோடுகளை ஒத்திருப்பதைப் பொறியாளர் குல்மன் கண்டார். நம் கொத்தனார்களும் சாண், முழம் என்று உடலாலேயே அளந்தவர்கள். திண்ணை அமர்ந்தெழ ஏற்ற உயரத்தில் இருந்தது. நடந்து களைத்தவர் மூச்சுவாங்க இடமும் தந்தது. அதை இடித்துத்தான் இன்று கார் நிறுத்துகிறோம்.

கழிவறையையும் சொல்லியாக வேண்டும். நாற்காலியில் அமர முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினால் போதும்; குந்தி அமர 120 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். அதன் கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரே கதவுக்குத் தடையாகிவிடக் கூடாது.

வீடு செல்லும் நாளுக்கு முன்பே வாசற்படியின் உயரத்தையும் கழிவறைக் கதவின் அகலத்தையும் அளந்து இயன்முறை மருத்துவரிடம் கூறுங்கள். அதே உயரப் படியில் இங்கேயே பயிற்சி தருமாறு கேளுங்கள்.