லொகேஷன் அனுப்பினால் போதாது

ஊட்டி, கொடைக்கானல் போகிற குடும்பங்கள் பல இப்போது ஹோட்டல் அறைக்குப் பதிலாக வாடகை வீட்டைத் தேடுகின்றன. சமைத்துச் சாப்பிடலாம், பிள்ளைகள் ஓடியாடலாம், இரண்டு குடும்பம் சேர்ந்தால் செலவும் கட்டுப்படும். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் உரிமையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷனை அனுப்பி, ‘வந்ததும் கூப்பிடுங்க’ என்று முடித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு வருகிறவர் பாடு. இது சரியல்ல. வீட்டைக் கண்டுபிடித்து, கதவு திறந்து, உள்ளே போய் உட்காரும் வரையிலான பொறுப்பும் வாங்கும் வாடகையில் அடக்கம். மேட்டுப்பாளையத்தையோ வத்தலக்குண்டையோ வண்டி தாண்டுவதற்கு முன்பே அந்தப் பொறுப்பை முடித்திருக்க வேண்டும்.

‘அதான் கூகுள் மேப் இருக்கே’ என்பார்கள். சமவெளியில் அது பெரும்பாலும் சரிதான். மலையில் தவறுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் அனுப்பும் புள்ளிக்கு மிக அருகில் ஓடும் சாலை எதுவோ அங்கே கொண்டுபோய் விடுவதுதான் மேப்பின் வழக்கம். சரிவில் கட்டிய வீட்டுக்கு மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை இருக்கும். படத்தில் கீழ்ச்சாலைதான் பக்கத்தில் தெரியும். கேட்டோ மேல்சாலையில் இருக்கும். நடுவே தடுப்புச்சுவரும் தேயிலைச் செடிகளும். அங்கிருந்து திரும்பி மேலே வர மறுபடியும் பல வளைவுகள் சுற்ற வேண்டும். வண்டி ஏறாத ஏற்றம் எது, எஸ்டேட் கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பதெல்லாம் மேப்புக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பயணிகள், மேப் காட்டிய குறுக்குவழியை நம்பி, கூடலூரில் காவலர் குடியிருப்பு அருகே படிக்கட்டில் காரை இறக்கிவிட்டார்கள். ஊர்மக்களும் போலீஸாரும் சேர்ந்துதான் மீட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 அக்டோபரில், எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் நள்ளிரவு மழையில் மேப்பைப் பின்பற்றி வந்ததாகச் சொல்லப்பட்ட கார் ஆற்றில் பாய்ந்து இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்துபோனார்கள். தெரியாத ஊர், இருட்டு, மழை. இவை சேர்ந்தால் வழி தவறுவது வெறும் நேர விரயம் அல்ல.

போனில் வழி சொல்லிக்கொள்ளலாம் என்பது அடுத்த பதில். வளைவுக்கு வளைவு டவர் மறையும் மலைப்பாதையில் அது நடக்கும் காரியமா? கிடைத்தாலும் பேச வேண்டிய ஆள் ஓட்டுநர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் ‘ரைட்டா, லெஃப்டா’ என்று கேட்பதை யார் விரும்புவார்கள்? இன்னொரு சங்கடமும் உண்டு. பல வீடுகளின் உரிமையாளர்கள் இருப்பது சென்னையிலோ பெங்களூரிலோ. சாவி இருப்பது காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேனிடம். வருகிறவர் கையில் இருப்பதோ உரிமையாளர் எண் மட்டும். உரிமையாளர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவர் எடுக்காமல், திரும்பக் கூப்பிட்டு... பனி இறங்கும் நேரத்தில் கைக்குழந்தையோடும் வயதான அம்மாவோடும் ஒரு குடும்பம் பூட்டிய கேட் முன் நிற்கிறது. வாட்ச்மேனின் எண்ணை முன்பே கொடுத்து, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று அவருக்கும் சொல்லிவிட்டால் இந்த நிலை வராது.

வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு. வீட்டின் கூரைமேல் குத்திய புள்ளி வேண்டாம்; வண்டி நிற்கும் கேட்டில் போய் நின்று எடுத்த புள்ளி வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் திருப்பத்துக்கு ஒன்றாக நான்கைந்து போட்டோக்கள்: ‘இந்த டீக்கடை தாண்டியதும் இடப்பக்கம் இறங்கும் சிமென்ட் ரோடு’, ‘நீலத் தண்ணீர்த் தொட்டியில் திரும்பாதீர்கள், அது அடுத்த எஸ்டேட்’. கடைசி ஏற்றத்தில் சிறிய கார் அடி தட்டுமானால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். போர்டு இல்லாத வீட்டுக்குக் கேட்டின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கீசர் சுவிட்ச் எங்கே, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் ஓடும், தண்ணீர் மோட்டாரை யார் போடுவார் என்பவை உள்ளே போனபின் தேவைப்படுபவை; அவற்றைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஆதார் நகல் கேட்பதாக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிட்டு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரையே ஏற்கலாம்.

‘எத்தனை அனுப்பினாலும் யாரும் படிப்பதில்லை’ என்கிறார்கள் வாடகைக்கு விடுபவர்கள். இதில் உண்மை இருக்கிறது. முன்பதிவு செய்த அன்றே அனுப்பும் நீண்ட செய்தி, வரும் நாளுக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். கிளம்புவதற்கு முந்தைய மாலை அனுப்பி, வண்டி ஓட்டுபவருக்கும் கொடுக்கச் சொன்னால் படிப்பார்கள், ஏனெனில் அப்போது அது அவர்களுக்குத் தேவை. வழியை இவ்வளவு விவரமாகக் கொடுத்தால் திருடனுக்கும் அல்லவா உதவும் என்ற பயமும் நியாயமானதே. பொதுவெளியில் போடாமல், பணம் கட்டி உறுதிசெய்தவருக்கு மட்டும் அனுப்பினால் போதும். சில பெரிய முன்பதிவுத் தளங்கள் முகவரியைத் தருவதும் இந்த முறையில்தான். உள்ளூரில் எல்லோரும் அறிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் வேறு: அனுமதி பெறாமல் நடத்தும் வீடுகள் போர்டு வைப்பதில்லை, கண்ணில் படவே விரும்புவதில்லை. அந்த மறைவின் விலையை, இருட்டில் தேடி அலையும் குடும்பம் கொடுக்கிறது. முறையாக உரிமம் எடுத்து நடத்துபவர் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. கேட்டில் ஒரு விளக்கையும் பெயரையும் வைக்கட்டும்.

வழி என்பது வீட்டுத் தெருவோடு முடிவதும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வந்தது. மைசூரு பக்கமிருந்து வருபவருக்கு பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. முதன்முறை வருபவருக்கு இவை தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. வாரம் தவறாமல் ஆட்களை வரவேற்கும் உரிமையாளருக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. அரசு செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின், ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒன்றாக நாடு முழுவதற்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. மேல்சாலைக் கேட்டையும் கீழ்ச்சாலைச் சுவரையும் வேறுபடுத்திக் காட்ட அது போதுமானது. இ-பாஸ் விண்ணப்பத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்று ஏற்கெனவே கேட்கிறார்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு வீட்டின் கேட்டுக்கும் உரிய டிஜிபின்னையும் வாட்ச்மேனின் எண்ணையும் மாவட்ட நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டு, பாஸிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம். இரவில் வண்டியை நிறுத்தி வழி கேட்கும் குடும்பத்துக்குச் சோதனைச்சாவடிக் காவலரும் அதைப் பார்த்து வழி சொல்ல முடியும்.