சோபாவுக்காகச் சந்தையில் விடப்பட்ட பூனை



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எந்த ஒரு வீட்டையும் குறிவைத்து எழுதவில்லை. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 6 பிள்ளைகளுக்கு "எனது செல்லப்பிராணி" என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். எல்லாரும் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் நாலே வரி. வீட்டில் ஒரு பூனை இருந்தது. ராத்தாவின் கலியாணத்துக்குப் புது சோபா வந்தது. பூனை அதைப் பிறாண்டியது. வாப்பா அதை உரப்பைக்குள் போட்டு, ஓட்டோவில் கொண்டுபோய், சந்தையில் விட்டுவிட்டு வந்தார்.

"ஏன் மகன் இதோட நிப்பாட்டிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பொறகு என்ன நடந்தெண்டு தெரியா சேர்."

அந்தக் கட்டுரைக்குப் புள்ளி போட எனக்குக் கை வரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. மாத்தளை டவுனில், உக்குவளையில், கலேவெலயில், எங்கே போய்க் கேட்டாலும் ஆளுக்கொரு பூனைக் கதை சொல்வார்கள். ஒருவர் சந்தையில் விட்டிருப்பார், இன்னொருவர் பள்ளிவாசல் முற்றத்தில், மற்றவர் சுது கங்கைக் கரையில். காரணம் கேட்டால், "சோபாவ நாசமாக்குது", "யன்னல் சீலையக் கிழிக்குது". தவணைக்கு எடுத்த சோபாவுக்கு மாதாமாதம் காசு கட்டுகிற கஷ்டம் எனக்கும் தெரியும். நானும் சம்பளத்தில் வாழ்கிற மனிதன்தான். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு உயிரைத் தண்டிக்க முன், அது ஏன் பிறாண்டுகிறது என்று ஒருவராவது கேட்டோமா?

பூனை உங்கள் மேல் உள்ள கோபத்தில் பிறாண்டுவதில்லை. அதன் நகம் உறை உறையாக வளர்கிறது. பழைய உறை கழன்றால்தான் உள்ளே இருக்கும் புது நகம் வெளியே வரும். தூங்கி எழும்பியதும் முதுகையும் தோளையும் இழுத்து நீட்டிச் சோம்பல் முறிக்கவும் அதற்குப் பிடிமானம் வேண்டும். பாதத்தில் உள்ள சுரப்பிகள் வழியாக, "இது என் வீடு" என்று வாசனையும் வைக்கிறது. நாம் கொட்டாவி விடுவதுபோல, நகம் வெட்டுவதுபோல அதற்கு இது. அடித்து நிப்பாட்ட முடியாது.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் அடித்தவன்தான். செருப்பால் அடித்தேன், தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அது பிறாண்டுவதை விடவில்லை, நான் இல்லாத நேரம் பார்த்துப் பிறாண்டப் பழகியது. அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

பிறகு செய்தது இதுதான். ஒரு பாக்கு மரத்துண்டு, மூன்று அடி உயரம். பூனை பின்காலில் எழும்பி முழுசாக நீட்ட அந்த உயரம் வேண்டும். அதைச் சுற்றித் தும்புக் கயிறை நெருக்கமாக இறுக்கிச் சுற்றி, அடியில் பாரமான பலகை வைத்து ஆணி அடித்தேன். ஆடக்கூடாது. ஒரு தடவை ஆடிச் சரிந்தால் பூனை அதன் பக்கமே போகாது. அதைக் கொல்லைப்புறத்தில் ஒளித்து வைக்கவும் இல்லை. எந்த மூலையைப் பிறாண்டியதோ, அந்த மூலைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சோபாவின் அந்த மூலைக்குக் கொஞ்ச நாள் இருபக்கமும் ஒட்டும் டேப் ஒட்டினேன். காலில் ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. கட்டையில் பிறாண்டினால் ஒரு துண்டு நெத்தலி கொடுத்தேன்.

இன்னொன்று. நம் வேலியோரத்தில் சும்மா முளைக்கிற குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் இருக்கிறது. காரணமில்லாமல் வைத்த பெயர் இல்லை. அதன் வேருக்குப் பூனை மயங்கும். வேரைக் கழுவி நசுக்கிக் கயிற்றில் தேய்த்துப் பாருங்கள். சில பூனைகள் நிமிர்ந்து பிறாண்டாமல் நிலத்திலேயே பிறாண்டும். அதற்கு ஒரு தும்புக் கால்மிதி போதும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை முன்னங்கால் நகத்தின் கூரான நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே ரோஸ் நிறமாகத் தெரிவது இரத்த நரம்பு, அதைத் தொடக்கூடாது. அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையையோ கிருமிநாசினியையோ சோபாவில் வைக்காதீர்கள். பூனைக்கு அவை நஞ்சு.

இவ்வளவுக்கும் ஆன செலவு, சோபாவின் ஒரு மாதத் தவணையில் ஒரு துளி.

"வெளிநாட்டில நகத்தையே எடுத்துவிடுறாங்களே சேர், இங்க செய்ய ஏலாதா?" என்று ஒருவர் கேட்டார். அது நகம் வெட்டுவதில்லை. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டி எடுப்பது. உங்கள் பத்து விரலையும் முதல் மூட்டோடு வெட்டினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி வீட்டுச் சாமானைக் காப்பாற்ற இப்படிச் செய்ய முடியாது. நியூயோர்க் மாநிலம் 2019இல் தடை செய்தது. அவர்களே விட்ட பழக்கத்தை நாம் தொடங்கவா?

"சந்தையில விட்டா மீன் தலை தின்னு பொழச்சிக்கும்" என்பவர்களுக்கு: அந்தச் சந்தையில் ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன, நாய்கள் இருக்கின்றன, லொறிகள் வந்து போகின்றன. குசினியில் சோறும் மீனும் தின்று வளர்ந்த ஒன்று, இடம் தெரியாமல், வாசனை தெரியாமல், ஏதாவது ஒரு மூலையில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும். அதை விடுதலை என்று சொல்லாதீர்கள்.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்ன விடவும் இல்லாத பெண் நரகம் போன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். "நாங்க கட்டிவைக்க இல்லையே, அவிழ்த்துத்தானே விட்டோம்" என்று ஒரு சகோதரர் வாதாடினார். நான் மௌலவி இல்லை, ஃபத்வா சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். தின்னக் கொடுத்துப் பழக்கியதும் நீங்கள், தின்ன வழியில்லாத இடத்தில் கொண்டுபோய்ப் போட்டதும் நீங்கள். அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம்?

வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அபூ கதாதா (ரழி) அவர்கள் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தம் இல்லை, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகவும் அறிவித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அவர் பாத்திரத்தைச் சரித்தார். நாம் உரப்பையின் வாயைக் கட்டுகிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. நம் நாட்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில் வந்தது. அதில் எழுதிய தண்டப்பணம் நூறு ரூபாய். ஆகவே இது நம் வீட்டில், நம் பிள்ளைகள் முன்னால், நாமே தீர்க்க வேண்டிய விஷயம்.

ஏனென்றால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. தொந்தரவு தந்தால் உயிரையும் வெளியே போடலாம் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். நாளைக்கு நாம் வயது போய்ப் படுக்கையில் கிடக்கும்போது, அதே பிள்ளைதான் அந்த வீட்டில் முடிவெடுக்கும்.

பூனையை ஏற்கெனவே விட்டுவிட்டீர்களா? இன்றைக்கே போய்த் தேடிப் பாருங்கள். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதன் குரலுக்குப் பூனை வரக்கூடும். கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், கட்டையும் கயிறும் நான் கொண்டுவந்து கட்டித் தருகிறேன்.

கட்டுரையை இன்னும் திருத்தாமல் வைத்திருக்கிறேன். மிச்சத்தையும் அந்தப் பிள்ளை எழுதட்டும்.

விரும்பினால் பகிருங்கள்.