நீண்ட ஆயுளே பாதுகாப்பு ஆகிவிடாது

துவாட்டாராவின் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டினால், தயங்காமல் "ஓணான்" என்பார்கள். அவர்களைக் குறை கூற இயலாது. 1831இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அதன் மண்டையோடு வந்து சேர்ந்தபோது, அறிஞர்களும் அதைப் பல்லி, ஓணான் வகையிலேயே சேர்த்தனர். 1867இல் ஆல்பர்ட் குந்தர் என்பார் அதன் எலும்புகளை ஆராய்ந்து, இது பல்லியே அன்று, தனியொரு வரிசை என்று நிறுவினார். மேல்தாடையில் இரட்டை வரிசைப் பற்கள். வெளியே தெரியும் காதுத் துளையும் இல்லை. உண்மையில் ஓணானுக்கு நெருங்கிய உறவு பாம்புதான். துவாட்டாராவோ அவ்விரண்டின் மூதாதையரிடமிருந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த கிளை. அக்கிளையில் இன்று எஞ்சியிருப்பது நியூசிலாந்தில் வாழும் இவ்வோர் இனம் மட்டுமே.

இதன் வாழ்க்கை மெதுவானது. முட்டை பொரிய ஓராண்டுக்கு மேலாகும். பருவமடையப் பத்து முதல் இருபது ஆண்டுகள் செல்லும். அறுபது வயது இதற்குச் சாதாரணம், நூறும் கடக்கும். இன்வர்கார்கில் நகர அருங்காட்சியகத்தில் வளர்ந்த 'ஹென்றி', 2009இல் தந்தையானபோது அதன் வயது ஏறத்தாழ 111.

இத்தகைய ஆயுளைக் கேட்டு நாம் வியக்கிறோம். வியப்போடு நின்றுவிடுவதுதான் தவறு என்பது என் கருத்து. ஏனெனில், நீண்ட ஆயுள் இழப்பை மறைத்துவிடும். மனிதரோடு வந்த எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. ஆனால் வளர்ந்தவை பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்ததால், எலிகள் புகுந்த தீவுகளிலும் துவாட்டாரா நலமாக இருப்பதாகவே தோன்றியது. முதியவை இருந்தன; இளையவை இல்லை. பெருநிலத்தில் அவை முற்றிலும் மறைந்து, கரைக்கு அப்பாலுள்ள சிறு தீவுகளில் மட்டுமே எஞ்சின.

1895 முதல் சட்டம் அவற்றைக் காத்தது. எலிக்குச் சட்டம் ஏது? ஹவுதூரு தீவில் 1991இல் தேடியபோது விரல்விட்டு எண்ணத்தக்கவையே கிடைத்தன. அவற்றைப் பாதுகாப்பாக வைத்து இனம்பெருக்கினர். 2004இல் தீவின் எலிகளை ஒழித்தனர். பின்னர் இளையவற்றைத் தீவில் விட்டனர். பொறுமையான இப்பணியே பலன் தந்தது.

மாவோரி மக்கள் துவாட்டாராவை 'தாவோங்கா', அதாவது போற்றிக் காக்க வேண்டிய செல்வம், என்கின்றனர். அதைக் கேட்கையில் நம் வழக்கிலுள்ள 'அமானிதம்' என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. ஒப்படைக்கப்பட்ட பொருள் இன்று கையில் இருப்பது மட்டும் போதாது. அடுத்தவர் கைக்குக் குறையாமல் சேரவும் வேண்டும்.

ஆகவே, ஓர் உயிரினம் நலமா என்று அறிய, "எத்தனை ஆண்டு வாழும்?" என்று மட்டும் கேளாதீர்கள். "குஞ்சுகள் உண்டா?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அக்கேள்வியையே கற்றுக்கொடுங்கள்.