சத்தம் வேறு, சக்தி வேறு

கூடுவாஞ்சேரி பக்கம் மாலை நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். பைக் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். சைலன்சரை மாற்றிவிட்டு, "வண்டிய டியூன் பண்ணிட்டேன் மச்சி" என்பார்கள். அது டியூனிங்கே இல்லை. ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே முதுகை வளைத்து 100 கிலோவை இழுத்து ஃபோட்டோ போடுவது எப்படிப் பளுதூக்குதல் ஆகாதோ, அப்படித்தான் இதுவும்.

பைக்குக்கும் பளுதூக்குதலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. இரண்டுமே அளவு பார்த்துச் செய்கிற வேலை.

முதலில் வண்டி. 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் உள்ளே போகும் காற்று கூடும். அதற்கேற்ப ஜெட்டை மாற்றாவிட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், பிஸ்டன் வரை கெட்டுப்போகும். டாப்பெட் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும் சமாச்சாரம். அதைக் காதால் கேட்டுச் சொல்வதைவிட ஃபீலர் கேஜ் வைத்து அளப்பதே சரி. நல்ல மெக்கானிக் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். பிறகு ஓட்டிப் பார்ப்பார், பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார், குறித்துக்கொள்வார். நாலு விஷயத்தை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் சத்தத்துக்கு மார்க் கிடையாது. அங்கே கடிகாரம் சொல்வதுதான் தீர்ப்பு.

இப்போது பளுதூக்குதல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு தூக்கியது மொத்தம் 199 கிலோ. வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200. ஒரே ஒரு கிலோ!

நம்மூர் உதாரணமும் உண்டு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் தொடையில் காயத்தோடு இறங்கி 317 கிலோ தூக்கினார். 11 கிலோ குறைவுதான், ஆனால் மறுபடியும் தங்கம். அன்றைக்கு உடம்பு தாங்கக்கூடிய அளவு எது என்று தெரிந்திருப்பதும் பலம்தான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஓய்வு கொடுத்தால் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொண்டு பலமாகும். இன்ஜின் அப்படி ஆகாது, தேய்ந்தது தேய்ந்ததுதான். அப்படியானால் வண்டிக்கு இன்னும் அதிகக் கட்டுப்பாடு அல்லவா தேவை? தப்பான லிஃப்டில் முதுகு போனால் தூக்கியவருக்கு மட்டும்தான் வலி. பிரேக்கையும் டயரையும் கவனிக்காமல் வேகத்தை மட்டும் ஏற்றிய வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லியும் விட்டது.

அதனால் மக்களே, சைலன்சருக்கு எடுத்து வைத்த காசில் முதலில் பிரேக் ஷூ, செயின், டயர் காற்று எல்லாவற்றையும் சரிபாருங்கள். மிச்சத்துக்கு ஒரு ஃபீலர் கேஜும் ஒரு நோட்டும் வாங்குங்கள். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் அதே நோட்டு போதும்.

பார்க்க கெத்தாக இருக்காது. வண்டியும் முதுகும் ரொம்ப நாள் வரும்.