பத்து விநாடியில் இரும்பா?

"இன்னும் பத்து நிமிசம், அம்மா! இரும்பு உருக்கிக்கொண்டிருக்கிறன்."

உங்கள் வீட்டில் இப்படி யாராவது சொன்னால், அங்கே மைன்கிராஃப்ட் விளையாட்டு நடக்கிறது என்று அர்த்தம். அம்மாவிடமிருந்து பதிலும் வரும்: "உதிலை என்ன கிடக்கு? நேரம் போறதுதான் மிச்சம்!"

நான் இந்தச் சண்டையில் அம்மாவின் பக்கம் இல்லை. முழுக்க உங்கள் பக்கமும் இல்லை. மைன்கிராஃப்ட் வீண் விளையாட்டு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இரும்பைப் பற்றி அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மற்றப் பாதியையும் தெரிந்துகொண்டு விளையாட வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம், வாங்கோ.

முதலில், விளையாட்டு சரியாகச் சொல்லும் விஷயங்கள். மரப் பிக்காசால் இரும்புத் தாதை எடுக்க முடியாது. கல் பிக்காசு வேண்டும். இரும்புப் பிக்காசு இல்லாமல் வைரம் கிடைக்காது. ஒரு கருவியை வைத்துத்தான் அடுத்த கருவியைச் செய்யலாம். மனிதர்களும் கல்லிலிருந்து இரும்புவரை அப்படித்தான் படிப்படியாக வந்தார்கள். தோண்டி எடுத்த உடனே இரும்பு கிடைக்காது, அதை உலையில் போட வேண்டும் என்பதும் உண்மை. மண்ணுக்குள் கிடைப்பது தாது. அதாவது, உலோகம் கலந்திருக்கும் கல். இவ்வளவையும் ஒரு விளையாட்டு ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்கிறது. அது சின்ன விஷயமா?

சரி, இனி அது சொல்லாத பாதிக்கு வருவோம்.

விளையாட்டில் தாதை உலையில் போட்டால் 10 விநாடியில் ஓர் இரும்புக் கட்டி வரும். ஒரு நிலக்கரித் துண்டு 8 கட்டிகளுக்குப் போதும். 64 கட்டிகள் வேண்டுமென்றால் 10 நிமிடம் 40 விநாடி. அம்மாவிடம் நீங்கள் கேட்ட அந்தப் பத்து நிமிசம் இதுதான்! நிலக்கரி இல்லையா? மரக்குச்சியைப் போடலாம். எரிமலைக் குழம்பு ஒரு வாளி ஊற்றினால் 100 பொருட்களை உருக்கலாம்.

உண்மையில் எரிமலைக் குழம்பால் தாதை இரும்பாக்க முடியாது. சூடு மட்டும் இருந்தால் போதாது. தாதில் இரும்பும் ஒட்சிசனும் இறுக்கமாகச் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் பிரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கரி. கரி எரியும்போது வரும் வாயு தாதிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. இரும்பு தனியாக நிற்கிறது. ஆகவே உலையில் கரிக்கு இரண்டு வேலை: சூடு கொடுப்பது ஒன்று, ஒட்சிசனைப் பிரிப்பது மற்றொன்று.

கரி நன்றாக எரியக் காற்று வேண்டும். மைன்கிராஃப்ட் உலைக்குக் காற்றே வேண்டாம். ஆனால் நம் ஊர்க் கொல்லர் பட்டறையில் தீ மூட்டும் ஒருவரும் காற்று ஊதும் ஒருவரும் இருந்தார்கள். ஊதும் கருவிக்குத் துருத்தி என்று பெயர். தோலால் செய்த பை அது. அழுத்தினால் காற்று சீறிக்கொண்டு போகும். கை வலித்தாலும் நிறுத்தக் கூடாது.

இலங்கையில் சிலர் துருத்திக்குப் பதிலாக மலைக்காற்றையே பிடித்து வேலை வாங்கினார்கள்! பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ என்ற இடம் இருக்கிறது. அங்கே மேற்கைப் பார்த்த மலைச்சரிவுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உலைகள் கிடைத்தன. தென்மேற்குப் பருவக்காற்று வேகமாக வீசும் மாதங்களில் அந்தக் காற்றே உலைகளை ஊதியது. 1990களில் ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியல் அறிஞர் அதே மாதிரி உலையைக் கட்டி, எரித்துப் பார்த்தார். காற்றின் பலத்திலேயே நல்ல உருக்குக் கிடைத்தது. 1996 இல் அவருடைய கட்டுரை 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நிலத்தைத் தோண்டியபோது, 2000 ஆண்டுகளுக்கு முந்திய இரும்பு உலைகள் கிடைத்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. எழுதத் தெரிந்தவர்களும் இரும்பு செய்யத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'பனி உருகும்' என்கிறோம். 'வெயில் பனியை உருக்கும்' என்கிறோம். அந்த 'உருக்கு' என்ற சொல்தான் உறுதியான இரும்புக்கும் பெயராகிவிட்டது. தென்னிந்தியாவில் இரும்புத் துண்டுகளை ஆவாரைக் குச்சிகளோடும் இலைகளோடும் சின்ன மண்குடுவைக்குள் வைத்து மூடி, பல மணி நேரம் சூடாக்கி உருக்குச் செய்தார்கள். ஐரோப்பியர் அதை 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். கன்னடத்தில் உருக்குக்கு 'உக்கு' என்று பெயர். அதிலிருந்து 'வூட்ஸ்' வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உக்கும் நமது உருக்கும் உறவுச் சொற்கள். மைக்கேல் பரடே என்ற பெரிய அறிவியலாளர்கூட 1819 இல் இந்த உருக்கை ஆராய்ந்து பார்த்தார்.

"உதெல்லாம் தூரத்துக் கதை. நாங்கள் மொன்றியலில் இருக்கிறம்" என்று சொல்கிறீர்களா? அப்படியென்றால் மொன்றியலிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் துறுவா றிவியேருக்கு வாங்கோ. அங்கேதான் 'ஃபோர்ஜ் டு சென் மோறிஸ்' இருக்கிறது. 'ஃபோர்ஜ்' என்றால் கொல்லன் பட்டறை. இலங்கையில் அதைக் கம்மாலை என்றும் சொல்வார்கள். 1730 இல் மொன்றியல் வியாபாரி ஒருவர் பிரெஞ்சு அரசரின் அனுமதியோடு இதைத் தொடங்கினார். அவர் பெயர் பிரான்சுவா பூலன் டு ஃபிராஞ்ச்வில். கனடாவின் முதல் இரும்பு ஆலை இதுதான். 1738 இல் பெரிய உலை வேலை செய்யத் தொடங்கியது. 1883 வரை அங்கே இரும்பு வேலை நடந்தது. அடுப்பு, பானை, கோடரி எல்லாம் அங்கே செய்தார்கள்.

அந்த உலைக்கு என்னென்ன தேவைப்பட்டது தெரியுமா? சதுப்பு நிலத்தில் தாது எடுக்க ஆட்கள். மரம் வெட்ட ஆட்கள். மரத்தைக் குவித்து, மண்ணால் மூடி, நாள்கணக்கில் மெதுவாக எரித்துக் கரியாக்க ஆட்கள். சுண்ணாம்புக்கல் கொண்டுவர ஆட்கள். துருத்தியைச் சுழலும் சக்கரம் இயக்கியது. சக்கரத்தை ஓடைத் தண்ணீர் சுழற்றியது. ஒருமுறை பற்றவைத்த உலை மாதக்கணக்கில் இரவும் பகலும் எரிந்தது. அதனால் இரவிலும் யாரோ ஒருவர் விழித்திருந்தார். உங்கள் விளையாட்டில் இந்த எல்லோருடைய வேலையையும் நீங்கள் ஒருவரே செய்கிறீர்கள். அதுவும் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல்!

இன்னொன்றும் விளையாட்டில் இல்லை. அது கிட்டம். தாதிலுள்ள மண்ணும் கல்லும் உருகி, இரும்பைவிட்டுப் பிரிந்து வரும் கழிவுக்குக் கிட்டம் என்று பெயர். பழைய உலை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கிட்டக் குவியல்கள் உதவுகின்றன. எத்தனையோ நூற்றாண்டு மழை பெய்தும் அவை கரைந்துபோகவில்லை. மைன்கிராஃப்டில் நீங்கள் ஆயிரம் கட்டி உருக்கினாலும் ஒரு பிடி கிட்டம் மிஞ்சாது. பூமியில் அப்படி நடக்காது. எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சும். ஏதோ ஒன்று குறையும்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது கடைசி விஷயம். விளையாட்டில் ஒரு மலையைத் தோண்ட நீங்கள் யாரிடமும் கேட்பதில்லை. உண்மை உலகில் மலைக்குப் பக்கத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். கியூபெக்கின் வடகிழக்கில் லாப்ரடோர் எல்லைக்கு அருகே ஃபெர்மோன் என்ற ஊர் இருக்கிறது. பிரெஞ்சு படிக்கும் உங்களுக்கு அந்தப் பெயரின் பொருள் உடனே தெரிந்துவிடும்: இரும்பு மலை! இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1970களில் கட்டிய ஊர் அது. அந்தப் பெரிய வட்டாரம் காலம் காலமாக இன்னு என்ற பூர்வகுடி மக்கள் வாழும் நிலம். "எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் நிலத்தில் சுரங்கங்களும் ரயில் பாதையும் அமைத்தார்கள்" என்று சொல்லி, இன்னு மக்களில் ஒரு பகுதியினர் 2013 இல் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கைக் கியூபெக் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2020 இல் சொன்னது. சொந்த நிலத்தை விட்டுவந்த குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. நிலம் என்றால் என்னவென்று உங்கள் அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்னு மக்களின் கோபம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

"இது சும்மா ஒரு கேம்தானே! நாள் முழுக்கத் துருத்தி ஊதச் சொன்னால் யார் விளையாடுவாங்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாட்டை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. பத்து விநாடி பத்து விநாடியாகவே இருக்கட்டும். விளையாட்டு சுருக்கிக் காட்டலாம். ஆனால் நாம் அந்தச் சுருக்கத்தையே உண்மை என்று நம்பிவிடக் கூடாது. இரும்பு பத்து விநாடியில் வரும் என்று நினைப்பவர், வளைந்த கரண்டியை யோசிக்காமல் குப்பையில் போடுவார். அதன் பின்னால் தாதும் காடும் காற்றும் பலருடைய உழைப்பும் இருப்பது தெரிந்தவர், அதை நிமிர்த்த முடியுமா என்று முதலில் பார்ப்பார்.

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். உங்கள் பனிச்சறுக்குச் சப்பாத்தின் அடித்தகடு, சமையலறையில் தேங்காய் துருவும் திருவலை, ஜாக் கார்த்தியே பாலம், 1924 இல் மோன் றோயல் மலையில் எழுப்பிய பெரிய சிலுவை. இவை எல்லாம் ஒரு காலத்தில் எங்கோ ஒரு மண்ணுக்குள் தாதாகக் கிடந்தவைதான்.

அதனால் தாராளமாக விளையாடுங்கள். உலை எரியும் அந்தப் பத்து விநாடியும் திரையைப் பார்த்துச் சும்மா இருக்கத்தானே போகிறீர்கள்? அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உண்மையில் இதை யார் தோண்டினார்கள்? யார் ஊதினார்கள்? அது யாருடைய மலை?" அடுத்த முறை அம்மா "உதிலை என்ன கிடக்கு?" என்று கேட்டால், உங்களிடம் சொல்ல நல்ல பதில் இருக்கும். தமிழிலேயே சொல்லுங்கள். தாது, உலை, துருத்தி, கிட்டம், உருக்கு என்று சொற்கள் எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கின்றனவே!

சிந்தித்துப் பேசுங்கள்

1. எழுதியவரின் கருத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா? ஏன்?
2. நீங்கள் விளையாடும் வேறொரு விளையாட்டு எதை மறைக்கிறது? உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய இரும்புப் பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு, ஐந்து வசனங்கள் எழுதுங்கள்.