சொத்துக்கு வந்த தீண்டாமை

நெருக்கடி காலத்தில் அரசாங்கம் முதலாளியின் சட்டைப்பையில் கை வைத்தால் அதைத் தடுக்கத்தான் நீதிமன்றம், அதுதான் சுதந்திரம் என்று படித்த மேல்சாதிக் கூட்டம் பேசுகிறது. யாருடைய சுதந்திரம் என்று நாம் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறது. சரி, வழக்குகளையே எடுத்துப் பார்ப்போம்.

1965, 66-இல் அடுத்தடுத்து வறட்சி. 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 1969 ஜூலை 19-இல் இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் போட்டு 14 பெரிய வங்கிகளை எடுத்துக்கொண்டது. (ஏழை மேல் கரிசனம் என்று ஏமாற வேண்டாம், அந்தம்மாவுக்குக் கட்சிச் சண்டையில் ஜெயிக்க வேண்டியிருந்தது.) பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் உச்சநீதிமன்றம் போனார். வாதாடியவர் பல்கிவாலா. 1970 பிப்ரவரி 10-இல் பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் சட்டம் செல்லாது என்றார்கள். ஏ.என். ராய் ஒருவர்தான் மாறுபட்டார்.

இழப்பீடு முறையாக இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். மற்ற வங்கிகள் தொழில் நடத்தலாம், இந்த 14 மட்டும் கூடாதா? இது பாகுபாடு, சமத்துவத்துக்கு விரோதம்!

ஐயா, பாகுபாடு உங்க கண்ணுக்குத் தெரிஞ்ச இடம் இதுதானா?

அந்த 14-இல் ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்தது. காரைக்குடி அப்போது எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். ரங்கூனுக்குப் போகத் தெரிந்த பணத்துக்கு முதுகுளத்தூர்ச் சேரிக்கு வழி தெரியவில்லை. விதைப்புக்கும் பிரசவத்துக்கும் வட்டிக்காரன் வாசல். பாம்பன் பக்கம் போனால் வலைக்கு வியாபாரியின் முன்பணம், பிடித்த மீன் அவன் சொன்ன விலைக்கு. அந்தத் தீண்டாமையை விசாரிக்கப் பதினொரு நீதிபதிகள் கூடவில்லை.

நாலே நாளில் புது அவசரச் சட்டம் வந்தது. இழப்பீடு 87.4 கோடி ரூபாய். வங்கிகள் அரசிடம் தங்கின, அதனால்தான் அவற்றில் நமக்கு இடஒதுக்கீடு. தனியார் வங்கியில் இன்றுவரை கிடையாது. அப்படி அரசு வங்கிக்குள் போன கிளார்க்குகளில் நானும் ஒருவன். அங்கேயும் நம்ம ஜனம் கடன் கேட்டு வந்தா, நகை இருக்கா, ஜாமீனுக்கு ஆள் இருக்கான்னுதான் கேக்குறாங்க.

அண்ணல் 1947-லேயே 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதி, முக்கியத் தொழில்களும் காப்பீடும் விவசாயமும் அரசுடைமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதக் கேட்டார். அரசு விலகிக்கொண்ட இடத்தில் முதலாளிதான் ராஜா என்பது அவருக்குத் தெரியும். எழுதியதோ சொத்துரிமையை. அடிப்படை உரிமை என்ற அந்தப் பட்டம் 44-ஆம் திருத்தத்தில், 1978-இல்தான் போனது.

பட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. 2020 மார்ச் 29, ஊரடங்கு. வேலை நடக்காவிட்டாலும் முழுக்கூலி கொடு என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. முதலாளிகள் உச்சநீதிமன்றம் போனார்கள். ஜூன் 12-இல் என்ன சொன்னது? கூலி தராதவர் மேல் கட்டாய நடவடிக்கை கூடாது, அந்த 50 நாள் கூலியை இருதரப்பும் பேசி முடிக்கலாம். பண்ணையாரும் கூலியும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்!

நீதிமன்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொரோனாவைச் சாக்கு வைத்து, 12 மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கிடையாது என்று குஜராத் அரசு ஆலைகளுக்குக் கொடுத்த சலுகையை 2020 அக்டோபர் 1-இல் ரத்து செய்ததும் இதே உச்சநீதிமன்றம்தான். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது, நடந்தது. கடலாடியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் வெளியூர் வேலைக்குப் போய் அந்த வருஷம் வெறுங்கையோடு திரும்பின நம்ம பிள்ளைகளுக்கு எந்தச் சங்கம் இருந்தது? அந்த 50 நாள் கூலியை எந்த முதலாளி கூப்பிட்டுப் பேசிக் கொடுத்தான்? நம்ம சேரியில கேட்டுப் பாருங்க.