கூண்டு சொல்லும் பாடம்



கோழி வளர்ப்போர் வீட்டில் மிகுதியாக முட்டையிடும் பெட்டையின் முட்டைகளையே தேர்ந்து அடைக்கு வைப்பது வழக்கம். தாயின் குணம் குஞ்சுக்கும் வரும் என்பது அவர்களது நம்பிக்கை. அது வீண் நம்பிக்கையன்று. முட்டையின் எண்ணிக்கையும் உடலின் வளர்ச்சியும் ஒரே மரபணுவால் அமைவன அல்ல. பற்பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, தீனியும் பராமரிப்பும் துணைநிற்க, உருவாகுபவை. தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால் பெரும் மாற்றம் விளையும்.

1957-ஆம் ஆண்டிற்குப்பின் தேர்வு எதுவும் செய்யாமல் காக்கப்பட்டு வந்த ஓர் இறைச்சிக்கோழி இனத்தையும், 2005-ஆம் ஆண்டின் இனத்தையும், கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஒரே வகைத் தீனியிட்டு வளர்த்தனர். 56-ஆம் நாளில் முன்னது சுமார் 900 கிராம் எடையும், பின்னது 4,200 கிராம் எடையும் இருந்தன என்று 2014-இல் அறிவித்தனர்.

முட்டைக் கோழியிலோ எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. பல கோழிகளை ஒரே கூண்டில் அடைத்தால் அவை ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். பிறரை விரட்டித் தீனியைத் தனதாக்கிக்கொள்ளும் கோழியே மிகுதியாக முட்டையிடக்கூடும். அதனைச் சிறந்ததெனத் தேர்ந்தால், முட்டையோடு முரட்டுத்தனமும் வழிவழியாக வருமல்லவா?

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர் கணக்கையே மாற்றினார். ஒரே சேவலுக்குப் பிறந்த பெட்டைகளை ஒரு கூண்டிலிட்டு, தனிக்கோழியை நோக்காது, கூண்டு முழுவதன் விளைவை நோக்கினார். தேர்ந்தாலும் கூண்டோடு தேர்வு. தள்ளினாலும் கூண்டோடு தள்ளுதல். அலகின் நுனியையும் அவர் வெட்டவில்லை. 1996-இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. இரண்டாம் தலைமுறையில் ஓராண்டிற்குள் நூற்றுக்கு 68 கோழிகள் மடிந்தன. நான்காம் தலைமுறையில் 9 கோழிகளுக்கும் குறைவே. கூண்டிலிட்ட கோழியொன்றுக்கு ஆண்டு முட்டை 91-லிருந்து 237 ஆயிற்று. உயிர்பிழைத்த நாட்களும் கூடின. நாள்தோறும் இடும் முட்டையின் விகிதமும் கூடிற்று.

ஆக, ஒரு கோழி எத்தனை முட்டையிடும் என்பதை அதன் மரபணுக்கள் மட்டுமல்ல, அண்டைக் கோழியின் மரபணுக்களும் தீர்மானிக்கின்றன. தனக்கு அருகே இருப்பதை வாழவிடுவதும் மரபுவழி வரும் ஒரு குணமே.

மனிதர் கோழிகள் அல்லர். நம் மக்களை நாம் தேர்ந்தெடுத்துப் பெறுவதுமில்லை. எனினும் எதைப் பாராட்டுகிறோமோ அதையே வீட்டில் வளர்க்கிறோம். தேர்வு முடிவு வரும் நாளில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொண்டாடுகிறோம். நன்று. ஆனால் தம்பியின் அருகமர்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்து, அதனால் தன் படிப்பில் சற்றே பின்தங்கிய அக்காவின் பெயரை அன்று யாரேனும் சொல்கிறோமா? இன்றிரவு உணவு வேளையில், பெற்றோரே, அவளையும் பெயர்சொல்லிப் பாராட்டுங்கள்.